தேசிக்காயும் வெயிலும்

“வெயிலுக்குள் நில்லாதே, கறுத்துப் போவாய்!” இந்தச் சொல்லைக் கேளாமல் வளர்ந்த பெண்பிள்ளை யாழ்ப்பாணத்தில் அரிது. ஆண்பிள்ளைகளுக்கு அவ்வளவாக இது சொல்லப்படுவதில்லை. அவர்கள் உச்சி வெயிலில் பந்தடித்துவிட்டு வந்தாலும், “முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிட வா” என்பதோடு விடயம் முடிந்துவிடும். வெயிலுக்கு அஞ்ச வேண்டியது உண்மைதான். ஆனால் நாம் அஞ்சுகின்ற காரணம் பிழையானது. காரணம் பிழையாகவே, தேடுகின்ற பரிகாரமும் பிழையாகிவிடுகிறது. இதனை நான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். என் வீட்டிலே, என் வாயினாலேயே வந்த வினையாக அறிந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதம். என் மகள் அப்போது தரம் 9 இல் படித்துக்கொண்டிருந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 800 மீற்றர் ஓட்டத்தில் தன் இல்லத்தின் சார்பில் ஓடுவதற்குத் தெரிவாகியிருந்தாள். நாள்தோறும் பயிற்சி, சனிக்கிழமைகளில் முற்பகல் முழுவதும் மைதானத்தில். அந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவளுடைய அம்மம்மா, வாசலில் கண்டதும் கண்டதுமாய், “என்ன பிள்ளை இப்பிடிக் கறுத்துப் போனாய்? வைகாசியில சித்தியின்ர கலியாணமெல்லோ வருகுது” என்றார். ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானுங்கூடத்தான்.

அன்றிரவு அவள் என்னிடம் வந்தாள். “அப்பா, வெயிலுக்குப் பூசிற கிறீம் ஒண்டு வாங்கித் தருவீங்களோ? எங்கட இல்லத்தில ரெண்டு பேர் பூசுகினம்.”

விலையை விசாரித்தேன். பெருவிரலளவு குழாய் ஒன்றின் விலை எங்கள் வீட்டின் ஒரு வார மரக்கறிச் செலவை ஒத்திருந்தது. பணத்தை எண்ணித் தயங்கினேன் என்று நேரே சொல்லியிருக்கலாம். ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம், தயக்கத்தையும் ஒரு சொற்பொழிவாக மாற்றிவிட்டேன். “எங்கள் முன்னோர் கிறீம் பூசியா வாழ்ந்தார்கள்? வளவில் தேசி மரம் காய்த்துக் கொட்டுகிறது. தேங்காயெண்ணெய் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. இயற்கை தந்ததை விட்டுவிட்டு, இரசாயனத்தைக் காசு கொடுத்து வாங்குவதா?” பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, கைத்தொலைபேசியில் யாரோ காட்டிய முறைப்படி இரண்டு தேசிக்காய்களைப் பிழிந்து, தேன் கலந்து, முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் பூசிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். ஞாயிறு மாலை, முகம் எரிகிறது என்றாள். வெயிலின் சூடு என்று நாங்கள் நினைத்தோம். திங்கள் விடியற்காலையில் தாடையின் இடப்புறத்திலிருந்து கழுத்து வரை சாறு வழிந்த பாதையிலெல்லாம் தோல் சிவந்து, சிறு சிறு கொப்புளங்கள் எழுந்திருந்தன. வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும் அவ்வாறே.

தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் முகத்தைப் பார்த்தார், கழுத்திலிருந்த கோடுகளைப் பார்த்தார், பின் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “தேசிக்காய் பிழிந்தனீரோ பிள்ளை?” என்று கேட்டார். எனக்கு வியப்பாயிருந்தது. நோய்கள் இப்படி நேர்கோடாகவும் சொட்டுச் சொட்டாகவும் வருவதில்லை, ஏதோ ஒன்று வழிந்த இடத்தில்தான் வரும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இது யார் சொல்லிக் கொடுத்த வைத்தியம்?” என்றார். மகள் வாய் திறவாதிருந்தாள். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் விளக்கியது இது. தேசிக்காயின் சாற்றிலும், அதைவிட மிகுதியாகத் தோலின் எண்ணெயிலும், சோரலின் வகையைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இவை தோலிற் படிந்திருக்கையில் சூரியனின் கழியூதாக் கதிர் பட்டால், இரண்டும் சேர்ந்து தோலின் கலங்களை எரித்துவிடுகின்றன. சாறு மட்டும் பட்டால் இவ்வாறு நேராது. வெயில் மட்டும் பட்டாலும் இந்த உருவில் நேராது. எரிவு உடனே தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படுவதால், பலர் காரணத்தை ஊகிக்க மாட்டார்கள். கொப்புளம் ஆறிய பின் அந்த இடம் கருமையாகும். அக்கருமை மறைய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

சோரலின் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு எங்கேயோ பழக்கப்பட்டது போலிருந்தது. பின்னர் தேடிப் பார்த்தேன். நம் சித்த வைத்தியர்கள் கார்போகரிசி என்று வழங்கும் விதையின் தாவரவியற் பெயர் சோரலியா. அதிலிருந்தே இப்பொருளுக்குப் பெயர் வந்திருக்கிறது. அவ்விதையை வெண்புள்ளிக்கு மருந்தாகப் பூசி, அளவோடு வெயில் காட்டும் முறை மிகப் பழையது. வெளிறிய தோலுக்கு நிறம் வரச்செய்ய நம்மவர்கள் கையாண்ட அதே வினையைத்தான் நான் நிறம் போகாதிருக்க என்று என் மகளுக்கு உபதேசித்திருக்கிறேன்! முன்னோர் அறிந்திருந்தார்கள், முன்னோர் பெயரைச் சொல்லி வாதாடிய நான்தான் அறியவில்லை.

போட்டியில் அவள் ஓடவில்லை. வைகாசித் திருமணத்திலே எடுத்த படங்களில், உயரமான பெரியம்மாமார் இருவருக்குப் பின்னால், இடக் கன்னம் மறையும்படி நிற்கிறாள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவள் கறுத்துப் போவாளென்று அஞ்சிய வீட்டில் அவளைக் கறுக்கச் செய்தது எது என்ற கேள்வி எழும். ஆவணி கழிந்த பின்னரே தழும்பு மங்கத் தொடங்கியது.

நான் புவியியல் கற்பிப்பவன். சூரியன் எந்த நாளில் எந்த அகலக்கோட்டின் மேல் நிற்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகின்றவன். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 28 அளவில் மறுமுறையும் நண்பகற் சூரியன் எம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்விக்கிறோமே தவிர, அந்நாட்களில் பிள்ளைகளை எந்நேரத்தில் வெளியே விடுவது என்பதற்கு எவரும் இதைப் பயன்படுத்தக் கண்டதில்லை.

இங்கே பெற்றோரும் மாணவரும் மனங்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. தோலைச் சுடுவது வெப்பமன்று. வெயிலின் வெப்பத்தை நாம் உணர்கிறோம். கழியூதாக் கதிரை உணர்வதில்லை, காண்பதுமில்லை. சோளகக் காற்று குளிர்ச்சியாக வீசும் நாளிலும் அது குறையாது வருகிறது. மெல்லிய முகிலையும் ஊடுருவி அதன் பெரும்பங்கு வந்துவிடும். கடற்கரை மணல் தன்மேல் விழுவதில் ஒரு பகுதியைத் திருப்பி முகத்தில் வீசும். இக்கதிரின் கடுமையை எண்ணால் குறிக்கும் முறை 1992 ஆம் ஆண்டு கனடாவில் தொடங்கிப் பின் உலகெங்கும் பரவியது. 3 க்கு மேற்பட்டால் காப்பு வேண்டும். 8 க்கு மேல் மிகக் கடுமை. 11 ஐத் தாண்டினால் அதிதீவிரம். நமது நாட்டிலே முகிலற்ற மாசி, பங்குனி, சித்திரை நண்பகல்களில் 11 ஐத் தாண்டுவது புதுமையன்று. கைத்தொலைபேசியில் காலநிலை பார்ப்பவர்கள் மழையை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பார்க்கலாம்.

தொலைபேசி இல்லாமலே பார்க்கவும் வழியுண்டு. அதை எனக்குக் காட்டியவர் என் பேரனார். அப்பு என்று அழைப்போம். வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டவர். 1980 களில் நான் சிறுவனாய் அவர் பின்னால் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். அவரிடம் மணிக்கூடு இருந்ததில்லை. நேரம் அறிய வேண்டுமென்றால் வெளியிலே நிமிர்ந்து நின்று, தன் தலையின் நிழல் விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, காலடியால் அளந்து போவார். “நிழல் ஏழடிக்குக் குறைஞ்சிட்டுது, வா மோனை வீட்டை” என்பார். ஒருவருடைய உயரம் அவருடைய காலடியால் ஏறக்குறைய ஆறரை அடி. அப்படியானால் அவர் சொன்னதன் பொருள், நிழல் ஆளின் உயரத்துக்குக் குறுகும் வேளையில் வெயிலை விட்டு நீங்கு என்பதே. இன்று மேலைநாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே விதியைத்தான் கற்பிக்கிறார்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையானால் நிழலைத் தேடு. கணக்கிட்டுப் பார்த்தேன். நம்மூரில் சித்திரையில் காலை 9 மணி கடந்து சிறிது நேரத்திலிருந்து பிற்பகல் 3 மணிக்குச் சற்றுப் பின் வரையும், மாசியில் 10 மணிக்குச் சற்று முன்னிருந்து 3 மணி வரையும் அந்தப் பொழுது. என் மகள் தேசிச் சாற்றோடு ஓடிய நேரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அப்பு விடியுமுன் தோட்டத்துக்குப் போவார். சூரியன் ஏறியதும் திரும்பி, பழஞ்சோறு உண்டு, வேப்பமர நிழலிற் சாக்குக் கட்டிலிலே கிடப்பார். வெயில் சாய்ந்த பின் மறுபடியும் போவார். தலைப்பாகை இல்லாமல் வரம்பில் அவர் காலெடுத்து வைத்ததை நான் கண்டதில்லை. வெங்காயம் பிடுங்க வரும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையைத் துணியாற் சுற்றிக்கொண்டு வருவார்கள். அந்தப் பழைய சட்டைகளைப் பார்த்துச் சிறுவராகிய நாங்கள் சிரித்ததுண்டு. நெருக்கமாக நெய்த துணியைவிடச் சிறந்த காப்பு இன்றைக்கும் கிடையாது என்று அறியும்போது, அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து வெட்கமாயிருக்கிறது. நிறத்திலும் ஒரு நுட்பமுண்டு. மெல்லிய வெள்ளைத் துணி, அதிலும் வியர்வையால் நனைந்தது, கதிரை மிகுதியாக உள்ளே விடும். அடர்ந்த நிறத்துணி தடுக்கும். நமது பாடசாலைச் சீருடையை எண்ணிப் பாருங்கள்.

அப்புவின் வாழ்க்கையைப் பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. அவருடைய இரு கண்களிலும் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் காலமெல்லாம் உழைப்போருக்கு, விவசாயிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும், அதிகம் காணப்படும் கோளாறு அது. தலைப்பாகை நெற்றியோடு நின்றுவிடுகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

இனி, சமையலறைப் பொருள்களைப் பற்றி. தேங்காயெண்ணெய் தோலின் வறட்சியைப் போக்கும்; அது நல்ல குணம். ஆனால் நமது நண்பகல் வெயிலைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை. அதைப் பூசிக்கொண்டு தைரியமாக வெயிலில் நிற்பது, ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு அடைமழையில் நீந்துவது போலாகும். மஞ்சள் மங்கலமானது, கழுவியதும் போய்விடுவது, வெயிலைத் தடுக்காது. சந்தனம் குளிர்ச்சி தரும், சிலருக்கு ஒவ்வாது. கற்றாழைச் சோறு எரிந்த தோலுக்கு இதம் தரும், எரியாமற் காக்காது. மியன்மார்ப் பெண்கள் தனக்கா என்னும் மரப்பட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னங்களில் அப்பிக்கொள்வதைப் படங்களிற் பார்த்திருப்பீர்கள். அது நமது விளாத்தியின் குடும்பத்து மரம். அதைப் பூசிய உழவுப் பெண்களும் மூங்கிற் பட்டையாலான அகன்ற தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டே வயலில் இறங்குகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இயற்கைப் பொருளே வேண்டும் என்று பிடிவாதமாயிருப்போருக்கு மண்ணிலிருந்து வருவது ஒன்றுண்டு: நாக ஒட்சைட்டு. துடுப்பாட்ட வீரர்கள் மூக்கிலும் உதட்டிலும் வெள்ளையாகப் பூசியிருப்பார்களே, அது. தைத்தேனியம் ஈரொட்சைட்டும் அவ்வகையே. கடையில் விற்கும் களிம்புகள் பலவற்றில் இவை உள்ளன. நான் “இரசாயனம்” என்று இகழ்ந்தது இதைத்தான்! ஆனால் தூளை வாங்கி வீட்டில் எண்ணெயிற் குழைத்தால் போதாது. அது ஒரு சீராகப் பரவாமல் இடைவெளி விட்டுப் படியும். களிம்பு வாங்கினால் 30 என்ற எண்ணோ அதற்கு மேலோ இருக்கட்டும். அப்படியானது, உரிய அளவிற் பூசினால், சுடும் கதிரில் முப்பதில் ஒரு பங்கையே உள்ளே விடும். பெரும்பாலோர் அந்த அளவிற் பாதிகூடப் பூசுவதில்லை. வியர்வையிற் கரைவதால் இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். செலவு மிகும். எனவேதான் நேரமும் நிழலும் துணியும் முதலிலே. அவை மூடாத முகத்துக்கும் கையின் புறத்துக்கும் மட்டும் களிம்பு என்று எங்கள் வீட்டிலே முடிவு செய்தோம். அந்தச் சிறு குழாயை நானே போய் வாங்கி வந்தேன்.

குடையைப் பற்றியும் ஒரு சொல். எனக்கு எழுத்தறிவித்த சட்டம்பியார் பன்னிரண்டு மாதமும் கறுப்புக் குடையோடு திரிந்தவர். இன்று நடுவயது ஆண் ஒருவன் வெயிலுக்குக் குடை பிடித்துப் போனால் பார்க்கிறவர்கள் அவனுக்கு ஏதோ நோய் என்று எண்ணுகிறார்கள். நான் ஈராண்டாகப் பிடித்துப் போகிறேன். குடை நேர்க்கதிரைத் தடுக்கும். வானெங்கும் சிதறிப் பக்கவாட்டில் வருவதைத் தடுக்காது. ஆகவே குடையின் கீழும் முழுக்கைச் சட்டை நன்று. பேருந்திலே யன்னற் கண்ணாடிக்குள் இருப்போரும் ஏமாறக்கூடாது. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் பீ வகைக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் மறிக்கும்; தோலைக் கருக்கி மூப்படையச் செய்யும் ஏ வகை அதனூடே வந்துவிடும்.

நம் தோலின் கருமையைப் பற்றி நான் நினைப்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். அது மெலனின் என்னும் பொருளாலானது. கதிரை விழுங்கி உள்ளிருக்கும் கலங்களைக் காப்பதற்காகவே தோன்றுவது. பிள்ளை வெயிலில் கறுத்தாள் என்றால், அவள் தோல் தன்னாலியன்ற குடையை விரித்திருக்கிறது என்று பொருள். வெள்ளைத் தோலரைவிட எங்களுக்குத் தோற் புற்றுநோய் குறைவாக வருவது இதனாலேயே. குடை விரிந்தது கண்டு பரிகசிப்பதும், அதை உரித்தெறியக் களிம்பு தேடுவதும் என்ன நியாயம்? வெண்மை தருமென்று விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் இரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. 2013 ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இரசம் கலந்த அழகுப் பொருள்களை ஒழிக்கவும் விதி செய்தது. எனினும் இந்தக் கருங்குடைக்கும் ஓர் எல்லையுண்டு. கன்னத்திற் படரும் கருந்திட்டும், கண்ணின் கோளாறும், காலத்துக்கு முந்திய சுருக்கமும் கருந்தோலரையும் விடுவதில்லை.

வெயிலை அடியோடு பகைக்கச் சொல்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். விற்றமின் டீ உடலில் உண்டாவதற்கு வெயில் வேண்டும். தைப்பொங்கலன்று நாம் சூரியனை வணங்குவது அவன் இளஞ்சிவப்பாய் எழுகின்ற பொழுதில், உச்சியில் நிற்கும்போதன்று.

மெல்பேணில் வாழும் என் தங்கை சொன்னாள், அவளுடைய மகன் படிக்கும் ஆரம்பப் பாடசாலையிலே தொப்பி இல்லாத பிள்ளைக்கு விளையாட்டில்லையாம். நிழலின் கீழ் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானாம். தோற் புற்றுநோய் மிகுந்த அந்நாட்டில் 1981 ஆம் ஆண்டு முதலே, சட்டை அணி, களிம்பு பூசு, தொப்பி போடு என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவே கற்பித்து வருகிறார்கள். நம்மிடமோ, தொப்பியோடு வரிசையில் நிற்கும் மாணவனைக் கழற்றச் சொல்வது ஒழுக்கம். நானும் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டுப் போட்டி நாளை எண்ணிப் பாருங்கள். மைதானத்தின் ஒரு பக்கத்திலே பிரதம விருந்தினருக்கும் ஆசிரியருக்கும் கிடுகுப் பந்தல், குளிர்பானம். எதிர்ப்புறத்திலே சிறு பிள்ளைகள் காலை 9 மணி முதல் பரிசளிப்பு முடியும் வரை வெறுந்தலையோடு வெயிலைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பந்தலுக்குள் இருந்து அவர்களைப் பார்த்துக் கைதட்டியவர்களுள் நானும் ஒருவன்.

இவ்வாண்டு போட்டிக்கு முன்னர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, ஓட்டங்களைப் பிற்பகல் 3 மணிக்குப் பின் வைக்கலாமா என்று கேட்டேன். இருட்டிவிடும், பரிசளிப்புப் பிந்திவிடும் என்றார்கள். பிள்ளைகளின் பக்கத்திலும் பந்தல் போடலாமா என்று கேட்டேன். பணமில்லை என்றார்கள். அப்போது ஒரு இல்லத்தின் பெற்றோர் சிலர், தங்கள் வளவுகளில் வேலி மாற்றிக் கழித்த கிடுகுகளைத் தருவதாக முன்வந்தனர். பனஞ்சிலாகைகளும் கயிறும் கடன் வாங்கினோம். முதல் நாள் மாலை ஆசிரியர் நால்வரும் உயர்தர மாணவர் பலருமாகச் சேர்ந்து ஒரு பக்கப் பந்தலை மட்டும் கட்டி முடித்தோம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அத்தனை பேரும், இல்ல வேற்றுமை பாராமல், அதற்குள்ளேயே நெருங்கி இருந்தார்கள்.

என் மகள் இப்போது உயர்தரத்தில் படிக்கிறாள். 800 மீற்றரில் இரண்டாவதாக வந்தாள். முழுக்கை மேற்சட்டையோடும் நெற்றியில் வெள்ளைப் பூச்சோடும் தொடக்கக் கோட்டிலே நின்றபோது, அவளுடைய அம்மம்மா என் பக்கம் குனிந்து, “உதென்ன தம்பி, பிள்ளை முகத்தில சுண்ணாம்பு?” என்று கேட்டார். மறுமொழி சொல்லுமுன் வேட்டுச் சத்தம் கேட்டுவிட்டது.